கயிற்றைப் பிடித்திருப்பவர்களுக்கு: பெங்களூரு ஸ்கூபா கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருவில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் முங்குவதற்கான கடையும் பயிற்சியும் நடத்தும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நேத்ராணித் தீவில் முங்கிவிட்டு வீடு வந்து சேர்ந்த அன்றே, உங்களில் ஒருவரின் கடையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். "பயணம் எப்படி இருந்தது மேடம்? பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?" என்று அன்பாகத்தான் கேட்டார். ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க யோசிக்க, அது அந்த ஒரு கடைக்கு மட்டும் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் அல்சூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவள். ஒயிட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நாற்பத்து நான்கு வயதில், அப்போது பதின்மூன்று வயதான என் மகளோடு சேர்ந்து ஸ்கூபா கற்றுக்கொண்டேன். இதுவரை முப்பத்தொரு டைவ் (முங்கல்). உங்களில் மூன்று கடைகளின் படியேறியிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் எதைப் பார்த்து ஒரு கடைக்குத் திரும்பி வருகிறார், எதைப் பார்த்து வராமல் போகிறார் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் தாத்தா தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரர். இளமையில் முத்துக் குளித்தவர். 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதன்பின் சங்கு குளித்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். சிலிண்டரும், அதிலிருந்து மூச்சுக்குக் காற்றை விடும் ரெகுலேட்டரும் அவர்கள் கண்ணில் படாத காலம். கல்லின் கனத்தில் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டில் சிப்பி பொறுக்குவார்கள். கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவர் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வது வழக்கம். கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது கணக்கு. தாத்தாவின் கயிற்றைப் பாட்டியின் அண்ணன் பிடித்தார். கீழே இருப்பவர் சுண்டினால் அடுத்த நொடி இழுக்க வேண்டும். படகில் யார் பேச்சுக் கொடுத்தாலும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார், கண் கயிற்றிலேயே கிடக்கும் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் கடைகளுக்கு வருகிற நாங்கள் தேடுவது அந்த மச்சானைத்தான்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கடலோர ஊரான முருடேஸ்வர் போக 500 கிலோமீட்டர். அங்கிருந்து 19 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நேத்ராணித் தீவு. கடலோரத்தில் இருப்பவருக்குக் காற்றும் நீரோட்டமும் ஓரளவு தெரியும். தெரியாவிட்டால் கரையில் வலை பின்னுகிறவரைக் கேட்பார். எங்களுக்குக் கேட்க ஆள் இல்லை. கம்மனஹள்ளி நீச்சல் குளத்தில் பத்து அடித் தண்ணீரில் பழகிவிட்டு, நீங்கள் சொல்வதை வேதவாக்காக நம்பிப் பேருந்தில் ஏறுகிறோம். நீங்கள் மறைத்தால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் நான் போன கடை பார்க்க அழகாக இருந்தது. குளிரூட்டிய அறை, சுவர் நிறைய ஆமைகளும் மீன்களும். இன்றே பணம் கட்டினால் மூவாயிரம் ரூபாய் தள்ளுபடி என்றார்கள். மருத்துவக் கேள்வித்தாளை நீட்டிய இளைஞர், "எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிடுங்கள் மேடம், வேலை சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார்.

என் மகளுக்கு ஆறு வயதுவரை இளைப்பு இருந்தது. மழைக்கால இரவுகளில் அவளை மடியில் உட்காரவைத்து நெபுலைசர் பிடித்தவள் நான். அந்தத் தாளில் இளைப்பைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சுக்குழாய் சுருங்கி அது வெளியேற வழியில்லாமல் போனால் நுரையீரலையே கிழித்துவிடும். அந்த இளைஞருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. பேனாவை மேசையில் வைத்துவிட்டு மகளை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இரண்டாவது கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே ஈர ரப்பர் வாசனை. உரிமையாளர் புதுச்சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கேள்வித்தாளை நாங்கள் நிரப்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். 'ஆம்' என்று நாங்கள் போட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, "கடைசியாக எப்போது இளைப்பு வந்தது பாப்பா?" என்று மகளையே கேட்டார். பிறகு என்னிடம், "நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, ஊதிப் பார்க்கும் சோதனை செய்து, அவர் கையெழுத்தோடு வாருங்கள் அக்கா. பணம் இப்போது வேண்டாம். அவர் கூடாது என்றால் நானும் இறக்கமாட்டேன்" என்றார். மருத்துவர் கையெழுத்துக் கிடைக்கப் பதினாறு நாள் ஆயிற்று. அதற்குள் அவர் ஒருமுறைகூட அழைத்து அவசரப்படுத்தவில்லை.

அந்தப் பதினாறு நாளில் நான் அவருடைய வாடிக்கையாளர் ஆகிவிட்டேன். அதன்பின் எனக்குத் தெரிந்த ஒன்பது பேரை அவரிடம் அனுப்பியிருக்கிறேன்.

அவர் கடையில்தான் மாஸ்க்கும் வாங்கினேன். இணையத்தில் வாங்கினால் 900 ரூபாய் குறைவு என்பதை அவரிடமே சொன்னேன். அதற்கு அவர் பதில் பேசவில்லை. ஆறு மாஸ்க்கை எடுத்து மேசையில் பரப்பினார். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துவிட்டுக் கையை எடுக்கச் சொன்னார். விழாமல் ஒட்டி நின்றால் அது என் முகத்துக்கு உரியது. நான்கு விழுந்தன. ஐந்தாவது நின்றது, சிரித்துப் பாருங்கள் என்றார், சிரித்தேன், கன்னத்து மடிப்பு வழியாகக் காற்றுப் புகுந்து அதுவும் நழுவியது. ஆறாவது நின்றது. புது மாஸ்க்கின் கண்ணாடியில் உட்புறம் தொழிற்சாலையிலிருந்தே ஒரு மெல்லிய படலம் படிந்திருக்குமாம். அதை எடுக்காவிட்டால் தண்ணீருக்குள் போனதும் கண்ணாடி மங்கிவிடும். சாதாரணப் பற்பசையைப் பட்டாணி அளவு பிதுக்கி, கட்டைவிரலால் வட்ட வட்டமாகத் தேய்த்தார். கழுவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தார். மூன்று முறை. அந்த 900 ரூபாயை மனமாரக் கொடுத்தேன். இன்றுவரை அந்த மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிந்ததில்லை.

வாடகைக்குக் கொடுக்கும் கருவிகளையும் நாங்கள் பார்க்கிறோம். அவர் கடையில் ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் ஒரு சிறு அட்டை தொங்கும்: எண், கடைசியாகப் பிரித்துப் பழுது பார்த்த தேதி. வேறொரு கடையில் என் கைக்கு வந்த அழுத்தமானியின் முள், சிலிண்டரில் மாட்டுவதற்கு முன்பே 30-இல் நின்றுகொண்டிருந்தது. காட்டியபோது "அது அப்படித்தான் மேடம்" என்றார்கள். சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சம் இருக்கும்போது மேலே வந்துவிட வேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள் நாங்கள். அந்த முள் 50 காட்டும்போது உள்ளே 20 தான் இருக்கும். நான் வேறு கேட்டு வாங்கிக்கொண்டேன். என் பின்னால் நின்ற புதியவர் கைக்கு அது போயிருந்தால், அவருக்குப் பார்க்கத் தெரிந்திருக்குமா?

காற்றைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்பதில்லை என்று நினைக்கிறேன். நான் கேட்கிறேன். சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரெஸர் எங்கே இருக்கிறது, அதன் வடிகட்டியை எப்போது மாற்றினார்கள், உறிஞ்சுகுழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? எஞ்சின் புகை அந்தப் பக்கம் திரும்பினால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போய்விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சுக் காற்றில் அது பத்து லட்சம் பங்குக்கு 5 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பியத் தர விதி. 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.8 மடங்கு, தரையில் தலைவலியோடு போகிற நஞ்சு அங்கே நினைவையே தப்பவைக்கலாம். முருடேஸ்வரில் வேறொருவரிடம் சிலிண்டர் வாங்குகிறோம், எங்களுக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். நாங்கள் பணம் கொடுத்தது உங்களிடம்.

பிறகு, ஆள் கணக்கு. ஒரு பயிற்சியாளருக்கு எட்டு மாணவர் வரை போகலாம் என்கிறது ஸ்கூபா பயிற்சி அமைப்பான பி.ஏ.டி.ஐ.-யின் விதி. அது உச்சவரம்பு. நேத்ராணியில் தண்ணீர் கலங்கிய நாளில் ஐந்தாவது ஆளின் காலில் மாட்டிய துடுப்பே கண்ணுக்குத் தெரியாது. என்னுடைய பயிற்சியாளரான அந்தப் புதுச்சேரிக்காரர் நாலு பேருக்கு மேல் ஏற்பதில்லை. அந்த நாலில் ஒருத்தியாக நான் இருந்ததால்தான் இன்று ஸ்கூபாக்காரி.

அந்த முதல் டைவை மறக்கமாட்டேன். மூன்று மீட்டர் இறங்கியதுமே இடது காதில் ஊசி குத்தியதுபோல் வலி. மூக்கைப் பிடித்து ஊதினேன், திறக்கவில்லை. மற்ற மூவரும் தன் உதவியாளரோடு கயிற்றைப் பிடித்துக் காத்திருக்கும்படி சைகை காட்டிவிட்டு அவர் என் முகத்துக்கு நேரே வந்தார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அசைத்தார்: அவசரம் இல்லை. ஒரு மீட்டர் மேலே கூட்டிப் போனார். மறுபடி இறங்கினோம். மறுபடி வலி. மறுபடி மேலே. நாலாவது முறை எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்க்குக்குள் கண்ணீர் சூடாக இருந்தது. அவர் கண்ணில் சலிப்பு தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. ஐந்தாவது முறை, தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார், நானும் அசைத்தேன். காதுக்குள் மெல்லிய சத்தத்தோடு கதவு திறந்தது. கீழே பாறை இடுக்கில் ஒரு விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மகள் அதை எனக்குச் சுட்டிக் காட்டினாள். பதினான்கு நிமிடம் என் ஒரு காதுக்காக அவர் செலவழித்தார் என்று பிறகு அவளுடைய கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எட்டுப் பேரை அழைத்துப் போனவரால் அந்தப் பதினான்கு நிமிடத்தைக் கொடுத்திருக்க முடியாது.

அதே பயணத்தில் சளியோடு வந்த ஒருவரை அவர் படகிலேயே உட்கார வைத்துவிட்டார். அந்த மனிதருக்குக் கடுங்கோபம். பணத்தை அடுத்த பயணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், காதைத் திரும்ப வாங்க முடியாது என்று பயிற்சியாளர் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார். அடுத்த மாதம் அந்த மனிதர் வந்தார்.

பெண்களுக்காக ஒன்று. பயணப் படகில் உடை மாற்ற ஒரு திரை வேண்டும். ஒரு கம்பி, ஒரு போர்வை போதும். நனைந்த வெட்சூட்டோடு (முங்கும்போது போடும் ரப்பர் உடையோடு) ஒன்றரை மணி நேரம் காற்றில் நடுங்கிக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறோம், கூச்சத்தில் வாய் திறக்காமல். எங்கள் அளவு வெட்சூட்டும் வைத்திருங்கள். ஆண்கள் அளவில் நடுத்தரத்தைக் கொடுத்துச் சமாளியுங்கள் என்றால், தோளில் தொளதொளத்து உள்ளே தண்ணீர் ஓடும். குளிர் எடுத்தவளுக்குக் காற்று சீக்கிரம் தீரும். மாதவிடாய் நாளில் முங்கலாமா என்று கேட்ட பெண்ணிடம் பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். உடல் நன்றாக இருந்தால் முங்கலாம் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். எங்கள் அணியில் ஸ்ரீராமபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் இருந்தார். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். நீச்சலில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர், தாளைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. எங்கள் பயிற்சியாளர் ஞாயிற்றுக்கிழமை அவரைத் தனியாக வரச்சொல்லி ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் விளக்கினார். நைட்ரஜன் உடம்பில் கரைவதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கும் அன்றுதான் புரிந்தது. கோலி சோடாவில் வாயு அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கிறது. கோலியைச் சட்டென்று அழுத்தினால் பொங்கும். ஆழத்தில் நம் இரத்தமும் சதையும் அப்படித்தான் வாயுவை ஏற்றிக்கொள்கின்றன. மெல்ல மேலே வந்து, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றால் மூச்சு வழியாக அமைதியாக வெளியேறும். அவசரப்பட்டால் உள்ளேயே குமிழாகிவிடும். தையல்கார அண்ணன் தேர்வில் எங்கள் அணியிலேயே அதிக மதிப்பெண் எடுத்தார். இந்த ஊரில் தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் பேசுகிறவர்கள் உங்கள் படியேறத் தயங்குவது கடலுக்குப் பயந்து அல்ல.

கட்டணத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 28,000 என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, குளத்துக்கு, படகுக்கு, சான்றிதழ் அட்டைக்கு என்று 36,500-இல் முடிக்காதீர்கள். முதல் நாளே 36,500 என்று சொல்லுங்கள். தருகிறோம்.

இனி, அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சென்ற மாதம் என் வழக்கமான பயிற்சியாளர் ஊரில் இல்லை. மகளுக்குப் பள்ளி விடுமுறை முடிவதற்குள் போகலாம் என்று வேறொரு கடையின் பயணத்தில் சேர்ந்தோம். சனி இரண்டு டைவ், ஞாயிறு இரண்டு டைவ். ஞாயிறு பகல் ஒன்றரை மணிக்குக் கடைசியாக மேலே வந்தோம். மாலை ஆறரைக்குப் பேருந்து. திங்கள் காலை அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்பதுதான் பயணத்தின் விளம்பரமே.

ஹொன்னாவர் தாண்டிக் கெருசொப்பா பக்கம் மலைப்பாதை தொடங்கியது. வண்டி வளைந்து வளைந்து ஏறியது. விளக்கை அணைத்துவிட்டார்கள். என் மணிக்கட்டில், முங்கிய ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் மட்டும் மங்கலாக ஒளிர்ந்தது. அதில் ஒரு சின்ன விமானப் படம், குறுக்கே ஒரு கோடு: பறக்காதே. பக்கத்தில் எண்: இன்னும் பதினோரு மணி நேரத்துக்கு மேல். விமானத்தில்தானே ஏறக்கூடாது என்று நினைத்தபடி ஜன்னலைப் பார்த்தேன். கீழே சரிவில் விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போயின. அப்போதுதான் உறைத்தது, நாங்களும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம்.

முங்குகிறவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தருகிற வழிகாட்டுதல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கலாம். அது 2,000 அடி முதல் 8,000 அடி வரை உயரத்துக்குச் சமமான அழுத்தத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. சாகர் ஏறக்குறைய 600 மீட்டர், அதாவது 2,000 அடியை ஒட்டிய உயரம். பெங்களூரு 3,000 அடி. விமானத்தில் ஏறுவதைவிட ஆபத்து குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நம்முடைய வீடே அந்த வரம்புக்குள் இருக்கிறது. அந்தமானில் முங்கினால் விமானத்துக்கு முதல் நாள் ஓய்வு என்று எல்லோரும் கறாராக இருக்கிறீர்கள். பேருந்து என்றால் மறந்துவிடுகிறது.

எனக்கு முன்னால் இரண்டு இருக்கை தள்ளி ஒரு பையன், இருபத்தாறு வயது இருக்கும். மலை ஏறத் தொடங்கியதிலிருந்தே தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். சிலிண்டர் தூக்கியதால் இருக்கும் என்றான். சாகர் வருவதற்குள் வலி முழங்கைக்கு இறங்கி, விரல் நுனிகள் மரத்துப்போயின. "அக்கா, இது சாதாரண வலிதானா?" என்று எழுந்துவந்து என்னைக் கேட்டான். அந்த வண்டியில் கையில் டைவ் கம்ப்யூட்டர் கட்டியிருந்தவள் நான் என்பதால். கடையிலிருந்து யாரும் எங்களோடு வரவில்லை. கடையின் எண்ணுக்கு அழைத்தோம். "சதைப் பிடிப்பாக இருக்கும், தூங்கச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. வண்டியில் ஆக்சிஜன் இல்லை. ஷிவமொக்காவில் நானும் மகளும் அவனோடு இறங்கினோம். இரவு பதினொன்றரைக்கு ஒரு மருத்துவமனையில், கடலில் முங்கிவிட்டு மலை ஏறியவன் என்று மருத்துவருக்கு விளக்கி, மூக்கும் வாயும் மூடும் ஆக்சிஜன் முகமூடி வைக்கச் சொன்னேன். நல்ல மனிதர், காது கொடுத்துக் கேட்டார். விடிவதற்குள் வலி பெரும்பாலும் வடிந்துவிட்டது. வாயுக் குமிழாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பின்னர் பெங்களூரில் பார்த்த மருத்துவரும் சொன்னார். பையன் நலமாக இருக்கிறான். அவனுடைய அம்மா சேலத்திலிருந்து எனக்கு அழைத்துப் பேசினார்கள். அவர்கள் அழுததைக் கேட்டபிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

மறுநாள் பிற்பகல், நாங்கள் வீடு வந்து சேர்ந்த இரண்டு மணி நேரத்தில், பத்துக்கு எத்தனை என்ற அந்த அழைப்பு வந்தது.

என்னுடைய வழக்கமான பயிற்சியாளர் வெள்ளியும் சனியும் முங்கவைத்து, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத்தான் வண்டியை எடுப்பார். சனி பகல் ஒன்றரைக்குக் கடைசி டைவ் முடிந்தாலும் ஞாயிறு ஏழரைக்குப் பதினெட்டு மணி நேரம் ஆகிவிடும். ஞாயிறு விடியற்காலையில் அந்த 123 அடிச் சிவன் சிலைக்குப் பின்னால் கடற்கரையில் உட்கார்ந்து எல்லோரும் டைவ் குறிப்பேடு எழுதுவோம். எந்த மீன் எது என்று சண்டை நடக்கும். மகளுக்கு முங்குவதைவிட அந்தக் காலைப் பொழுதுதான் பிடிக்கும். கூடுதலாக ஓர் இரவு அறை வாடகை, பகிர்ந்தால் தலைக்கு 800 ரூபாய். அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு. வாடிக்கையாளர்கள் திங்கள் வேலைக்குப் போக வேண்டும் என்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தை எங்களிடம் சொல்லிப் பார்த்தீர்களா? கோலி சோடா கதையைச் சொன்னால் ஸ்ரீராமபுரத்துத் தையல்காரருக்குப் புரிகிறது. கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் புரியாதா? அந்த 800 ரூபாயை எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஒரு ஆக்சிஜன் பெட்டியும், அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் பெங்களூரு வரை கூட வர வேண்டும். இந்த வாயுக் குமிழுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனைகள் எவை, இரவில் யாரை அழைப்பது என்பதை ஓர் அட்டையில் அச்சடித்துப் பயணத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அன்றிரவு அந்த அட்டை என்னிடம் இருந்திருந்தால், சாகரிலேயே வண்டியை நிறுத்தியிருப்பேன்.

என்னை அழைத்த அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை: நீ கேட்டதில் குற்றம் ஒன்றும் இல்லை அம்மா. இந்த மடலை உன் முதலாளியிடம் கொடு.

மழைக்காலம் முடிந்து அக்டோபரில் நேத்ராணி திறக்கும்போது நாங்கள் ஆறு பேர் போகிறோம்: நான், மகள், தையல்கார அண்ணன், அவருடைய மருமகன், என் அலுவலகத் தோழிகள் இருவர். தோழிகளுக்கு இது முதல் முறை. எங்கள் பயிற்சியாளர் வழக்கம்போல் நாலு பேருக்கு மேல் ஏற்கமாட்டார். மீதி இரண்டு பேருக்கு, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிளம்புகிற வண்டி உங்களில் யாரிடம் இருக்கிறது என்று ஆகஸ்ட் முடிவதற்குள் தெரிவியுங்கள். முன்பணத்தோடு நானே நேரில் வருகிறேன். மருத்துவக் கேள்வித்தாளையும் கொண்டுவருவேன். அதில் ஒரு தோழிக்கு ஒரு 'ஆம்' இருக்கிறது.

அன்புடன்,
அல்சூரிலிருந்து, உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி